ஒரு சப் அவுட், மூன்று ஆம்ப்: இரைச்சல் இல்லாமல் பிரிப்பது எப்படி

ஏ.வி. ரிசீவரின் (படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) முதுகில் ‘சப் அவுட்’ என்று ஒரே ஒரு ஓட்டை. பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபருக்குச் சிக்னல் வெளியே வரும் இடம் அது. கையில் மூன்று சப்வூஃபர் ஆம்ப். என்ன செய்வது? இந்தக் கேள்வியை நான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடை முழுசாகக் கிடைக்க ஏழு வாரம் ஆனது. நடுவில் மூன்று முறை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன், வாங்கிய ஒரு டப்பாவைப் பரணில் போட்டேன், கீழ் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். இப்போது யோசித்தால், வரிசையாகச் செய்திருந்தால் ஒரு பகல் வேலை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

என்னிடம் இருந்தவை: செட்டோடு வந்த 8 அங்குல ஆக்டிவ் சப் (உள்ளேயே ஆம்ப் உள்ளது) ஒன்று, தச்சரிடம் சொல்லிச் செய்த 12 அங்குலப் பெட்டிகள் மூன்று. அவற்றில் இரண்டுக்கு ஒரு இரண்டு சேனல் பவர் ஆம்ப், மேடை நிகழ்ச்சிகளுக்கு வைப்பார்களே, அந்த வகை. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவதுக்கு, கடையில் சொல்லி அசெம்பிள் செய்த 5200-1943 போர்டு ஆம்ப் (அந்த எண்கள் அதிலுள்ள டிரான்சிஸ்டர்களுடையவை). உங்களிடம் வேறு மாதிரி இருக்கலாம். வழிமுறை மாறாது.

1. பிரிக்க வேண்டிய தேவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பல ரிசீவர்களில் இரண்டு சப் அவுட் இருக்கும். கொஞ்சம் விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே சிக்னல்தான் வரும். உள்ளேயே பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் இரண்டு ஆம்புக்கு ஒய் கேபிளே (ஒரு முனையை இரண்டாகப் பிரிப்பது) வேண்டாம். டெனான் எக்ஸ்3800ஹெச் மாதிரி சில மாடல்களில் நான்கு அவுட்டும் தனித்தனியாகவே இயங்கும். அது உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையில் 4-ஆம் படியை மட்டும் படித்தால் போதும்.

அடுத்து ஆம்பின் பின்பக்கம். மேடை வகை இரண்டு சேனல் ஆம்ப்களில் ஸ்டீரியோ, பேரலல், பிரிட்ஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் பேரலலில் வைத்தால் முதல் இன்புட்டில் கொடுக்கும் சிக்னல் இரண்டு சேனலுக்கும் போய்விடும். நான் இது தெரியாமல் அந்த ஒரு ஆம்புக்கே இரண்டு கேபிள் இழுத்திருந்தேன். சுவிட்சைத் தள்ளும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும். பிரிட்ஜில் தவறிப்போய் வைத்துவிடாதீர்கள்; அதில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடமே வேறு, லோடு கணக்கும் வேறு.

‘லிங்க்’ அல்லது ‘த்ரூ’ என்று எழுதிய சாக்கெட் இருந்தால் அதிலிருந்து அடுத்த ஆம்புக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வீட்டு ஆக்டிவ் சப்களில் இருக்கும் ‘லைன் அவுட்’டை நம்பிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹை பாஸ் ஃபில்டர் உண்டு: கீழ்ப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சிறிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவதற்காக வைத்தது. அதிலிருந்து அடுத்த சப்புக்கு எடுத்தால், வெட்டிய மிச்சம்தான் போய்ச் சேரும். இரண்டாவது சப் முனகிக்கொண்டு கிடக்கும். நான் ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

2. மேனுவலில் எடுக்க வேண்டிய எண்கள்

மூன்று எண்கள்: ரிசீவரின் அவுட்புட் இம்பிடன்ஸ், ஒவ்வொரு ஆம்பின் இன்புட் இம்பிடன்ஸ், அதன் இன்புட் சென்சிடிவிட்டி. இம்பிடன்ஸ் என்பது சிக்னலுக்கு உள்ள மின்தடை, ஓமில் சொல்வது. சென்சிடிவிட்டி என்பது முழு பவர் தர இன்புட்டில் எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது. மேனுவல் தொலைந்திருந்தால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் பி.டி.எஃப். கிடைத்துவிடும். கடைசிப் பக்கத்தில் இருக்கும். ரிசீவருக்கு எண் கிடைக்காவிட்டால் 1 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பில்லையும் வாரண்டி கார்டையும் அப்போதே எடுத்து ஒரு கவரில் வைத்துவிடுங்கள். ஆக்டிவ் சப்பைத் திறக்கும் ஆசை பின்னால் கண்டிப்பாக வரும், திறந்தால் வாரண்டி போகும்.

“மூன்றாகப் பிரித்தால் சிக்னல் மூன்றில் ஒரு பங்காகிவிடும்” என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். இன்னொருவர், “எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாகப் போட்டால் ஆம்ப் சூடாகுமே, அதே கதைதான்” என்றார். இரண்டுமே இங்கே பொருந்தாது. ஆம்பின் இன்புட் கரண்ட்டைப் பெரிதாக உறிஞ்சாது. வோல்டேஜை எட்டிப் பார்ப்பதோடு சரி. என் கணக்கையே பாருங்கள். ஆக்டிவ் சப் 47 கிலோ ஓம், மேடை ஆம்ப் 10, அசெம்பிள் ஆம்ப் 22. மூன்றும் பேரலலாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 6 கிலோ ஓம். ரிசீவர் 1 கிலோ ஓம் என்றால் இழப்பு 1.3 டெசிபல் அளவுதான். ரிசீவரின் சப் லெவலை ஒன்றரைப் புள்ளி ஏற்றினால் சரியாகிவிடும். சேர்ந்த லோடு (மூன்று இன்புட்டும் சேர்ந்த இம்பிடன்ஸ்), ரிசீவரின் அவுட்புட் இம்பிடன்ஸைப் போலப் பத்து மடங்கு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஐந்தாறு மடங்கு இருந்தாலும் ஓடும். அதற்கும் கீழே போனால் நடுவில் ஒரு பஃபர் போர்டு (சிக்னல் குறையாமல் தாங்கிக் கொடுப்பது) தேவைப்படும்.

ரிசீவருக்குப் பதிலாக அசெம்பிள் டிகோடர் போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் அவுட்புட்டில் சிக்னல் கடந்து வரும் கப்ளிங் கெபாசிட்டர் 1 மைக்ரோ ஃபாரட் என்று வையுங்கள். 47 கிலோ ஓம் ஆம்ப் ஒன்றை மட்டும் மாட்டியபோது அது 3 ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழேதான் வெட்டும், தெரியாது. லோடு 6 கிலோ ஓமாக இறங்கினால் வெட்டும் இடம் 26 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். சப்வூஃபருக்கு அதுதான் உயிர்நாடியான இடம். “மூன்றாவது ஆம்பைப் போட்டதும் பாஸ் மெலிந்துவிட்டது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தக் கெபாசிட்டரைத்தான். 10 மைக்ரோ ஃபாரட் மாற்றினால் தீரும், சில ரூபாய் வேலை.

3. கேபிள்

இரண்டு ஆம்புக்கு ஒரு ஒய் போதும். மூன்றுக்கு ஒய்யின் ஒரு காலில் இன்னொரு ஒய். சிக்னலைப் பொறுத்தவரை இதில் தப்பே இல்லை. பின்கள் தொங்கிக்கொண்டு லூசாவதுதான் தொந்தரவு. நான் கடைசியில் ஒரு சிறிய அலுமினியப் பெட்டியில் நான்கு ஆர்.சி.ஏ. சாக்கெட்டை (நடுவில் ஒரு முனை, சுற்றி ஒரு வளையம் உள்ள வழக்கமான ஆடியோ சாக்கெட்) பொருத்தி, நடு முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவும் வெளி வளையங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவும் சால்டர் வைத்துவிட்டேன். உள்ளே வேறு எதுவும் கிடையாது. அரை மணி நேர வேலை.

ஒய் கேபிளை ஒருபோதும் தலைகீழாகப் போடாதீர்கள். ஒரு அவுட்டிலிருந்து இரண்டு இன்புட்டுக்குப் போகலாம். இரண்டு அவுட்டை ஒன்றாக முடிச்சுப் போட்டு ஒரு இன்புட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். லெஃப்ட், ரைட்டைச் சேர்த்து சப்புக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

சப்பில் லெஃப்ட், ரைட், எல்.எஃப்.இ. (பாஸ் சிக்னலுக்கென்றே உள்ளது) என்று மூன்று இன்புட் இருந்தால் எல்.எஃப்.இ.யில் மட்டும் சொருகுங்கள். இன்னொரு ஒய் போட்டு இரண்டிலும் கொடுத்தால் சில சப்களில் லெவல் கூடும், அதோடு நீங்கள் போட்ட கணக்கும் குழம்பும்.

நீளத்துக்குப் பயப்பட வேண்டாம். ஷீல்டு ஒயர் 20 மீட்டர் போனாலும் கெபாசிட்டன்ஸால் பாதிக்கப்படுவது காதுக்கே எட்டாத மேல் பகுதிதான். பாஸுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல பின்னல் ஷீல்டு உள்ள ஒயரும் உலோகப் பின்னும் போதும். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று விற்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

4. ஹம்: பாதி நேரம் இங்கேதான் போகும்

ஆக்டிவ் சப் ஒன்று மட்டும் இருந்தபோது என் ஹால் அமைதியாக இருந்தது. மேடை ஆம்பைச் சேர்த்தேன், அப்போதும் அமைதி. அசெம்பிள் ஆம்பைச் சொருகியதும் எல்லாப் பெட்டியிலிருந்தும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். படம் ஓடும்போது தெரியாது. நிறுத்தினால் வீடே ரீங்கரிக்கும். அசெம்பிள் செய்து கொடுத்தவரைத் திட்டினேன். பாவம், தவறு அவருடையதில்லை.

நடந்தது இதுதான். ரிசீவருக்கு இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. ஆக்டிவ் சப்புக்கும் அப்படியே. மேடை ஆம்புக்கு மூன்று பின். எர்த் உள்ளது ஒன்றே ஒன்று இருக்கும்வரை வட்டம் உருவாகவில்லை. அசெம்பிள் ஆம்பும் மூன்று பின். இரண்டு எர்த்தும் சுவருக்குள் ஒரு வழியாகவும், ஒய் கேபிளின் ஷீல்டு மூலம் இன்னொரு வழியாகவும் சந்தித்துக்கொண்டன. அந்த வட்டத்தில் சுற்றும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டைத்தான் சப்வூஃபர் அக்கறையோடு பெரிதாக்கிக் கொடுக்கிறது.

எனவே ஆம்ப்களை ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் பிளக்கின் தடித்த பின்னுக்கும் நடுவே பாருங்கள். பீப் வந்தால் அந்த ஆம்பின் சிக்னல் கிரவுண்டும் எர்த்தும் ஒன்று. அப்படி பீப் அடிக்கும் ஆம்ப் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஹம் வரும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.

பிறகு ஒரு ஷார்ட் பின் செய்யுங்கள்: பழைய ஆர்.சி.ஏ. பின்னில் நடு முனையையும் வளையத்தையும் சேர்த்துச் சால்டர் வைத்தது. கேபிளைக் கழற்றிவிட்டு அதை ஆம்பின் இன்புட்டில் சொருகி ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் வந்தால் ஆம்புக்குள்ளேயே கோளாறு: ஃபில்டர் கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் அருகில் ஓடும் இன்புட் ஒயர், இப்படி ஏதாவது. அமைதியாக இருந்தால் பிரச்சினை இணைப்பில். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரையும் திட்டாதீர்கள்.

இணைப்பில்தான் என்று தெரிந்ததும் இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டி.வி. ஒயரையோ டிஷ் ஒயரையோ கழற்றிப் பாருங்கள். தெருவிலிருந்து வேறொரு எர்த்தைச் சுமந்துகொண்டு வருவது பெரும்பாலும் அதுதான். அடுத்து எல்லா ஆம்பையும் ரிசீவரையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து, தடித்த ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் கொடுங்கள். என் சோபா ஆம்ப் எதிர்ச் சுவர் சாக்கெட்டில் இருந்தது. அதை இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஆர்.சி.ஏ. கேபிள்களையும் ஒன்றாகக் கட்டியதும் முக்கால்வாசி ஹம் போய்விட்டது.

மிச்சத்தை ஒழித்தது ஆர்.சி.ஏ.-யிலிருந்து எக்ஸ்.எல்.ஆர்.-க்கு (மேடை மைக்குகளில் வரும் மூன்று பின் இணைப்பு) செய்த கேபிள். மேடை ஆம்பில் எக்ஸ்.எல்.ஆர். இன்புட் இருந்தால் இதைச் செய்யுங்கள். இரண்டு கோர் உள்ள மைக் ஒயர் வாங்குங்கள். ஆர்.சி.ஏ. பக்கம் முதல் கோர் நடு முனைக்கு. இரண்டாம் கோரும் ஷீல்டும் சேர்ந்து வெளி வளையத்துக்கு. எக்ஸ்.எல்.ஆர். பக்கம் முதல் கோர் 2-ஆம் பின், இரண்டாம் கோர் 3-ஆம் பின், ஷீல்டு 1-ஆம் பின். இதிலும் முனகினால் ஷீல்டை ஏதாவது ஒரு முனையில் மட்டும் கழற்றிப் பாருங்கள். சிக்னல் திரும்ப இரண்டாம் கோர் இருப்பதால் ஒன்றும் கெடாது. கடையில் கிடைக்கும் ஆயத்த கேபிள்கள் பலவற்றில் உள்ளே 1-உம் 3-உம் ஷார்ட் செய்து ஒற்றைக் கோர்தான் இருக்கும். அதில் இந்தப் பலன் கிடைக்காது.

‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா கிடைக்கும். பரணில் கிடப்பதாகச் சொன்னேனே, அதுதான். மாட்டியதும் ஹம் நின்றது. கூடவே பாஸும் போனது. உள்ளே இருப்பது சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மர். அதிர்வெண் குறையக் குறைய அதன் காந்தக் கோர் சீக்கிரம் நிரம்பிவிடும். கார் ஸ்டீரியோவில் மேல் பகுதிக்குச் சரி. 25 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, டப்பா இருக்கும்போதும் இல்லாதபோதும் கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். சப்வூஃபருக்கென்றே செய்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமானால் சில ஆயிரம் ஆகும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: எர்த் பின்னை உடைப்பது, எர்த் ஒயரைக் கழற்றுவது. ஹம் உடனே நிற்கும், அதனால்தான் இந்த யோசனை வாய்வழியாகப் பரவுகிறது. ஆம்புக்குள் டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆனால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட் நிற்கும், ஷீல்டு வழியாக மற்றப் பெட்டிகளுக்கும் பரவும். வீட்டில் குழந்தை இருக்கிறது, ஈரக் கையோடு துடைப்பவர்கள் இருக்கிறார்கள்.

5. ஒரு ஆம்ப் ஆஃபில் இருந்தால்

“இன்றைக்குப் பின்னால் இருக்கும் சப் வேண்டாம்” என்று ஒன்றை மட்டும் ஆஃப் செய்தேன். மற்ற இரண்டிலும் சத்தம் கரகரத்தது. பவர் இல்லாத சில ஆம்ப்களில் இன்புட் ஐ.சி.யின் பாதுகாப்பு டயோடுகள் வரும் சிக்னலையே அமுக்கிப் பிடிக்கும். பொது ஒயர் என்பதால் எல்லாருக்கும் அந்தச் சிதைவு போகும். எனவே ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் அதன் கெய்ன் நாபைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது கேபிளைப் பிடுங்குங்கள்.

ஆன் செய்யும்போது ரிசீவர் முதலில், ஆம்ப்கள் ஒவ்வொன்றாகப் பிறகு. ஆஃப் செய்யும்போது ஆம்ப்கள் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொம்’.

6. லெவல்

கெய்ன் நாப் பவரைக் கூட்டும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். வரும் சிக்னலில் எவ்வளவை உள்ளே விடுவது என்பதுதான் அது. ஒவ்வொரு ஆம்பின் சென்சிடிவிட்டியும் வேறாக இருப்பதால் ஒரே நிலையில் வைத்தால் ஒன்று அலறும், ஒன்று முனகும்.

ஆம்ப்களில் இருக்கும் கிராஸ்ஓவர் நாபை (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுவது என்று வைப்பது) முதலில் கடைசிவரை ஏற்றிவிடுங்கள், அல்லது பைபாஸில் வையுங்கள். ரிசீவர் ஏற்கெனவே 80 ஹெர்ட்ஸில் வெட்டி அனுப்புகிறது. இரண்டு தடவை வெட்ட வேண்டாம். பிறகு எல்லா கெய்னையும் பூஜ்யத்துக்கு இறக்கி, ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போட்டு, இருப்பதிலேயே பலவீனமான சப்பில் தொடங்குங்கள். உட்காரும் இடத்தில் போனின் டெசிபல் ஆப் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை இறக்கிவிட்டு, அடுத்ததை அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். போன் மைக் பாஸில் துல்லியமாக இருக்காது. ஆனாலும் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். பலமான சப்பில் தொடங்கினால் சின்னது அதைத் துரத்திக்கொண்டு போய்க் கருகும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் சத்தம் கூடும். அதைக் குறைக்க ஆம்ப் நாப்களைத் தொடாதீர்கள், ரிசீவரின் சப் லெவலை இறக்குங்கள். ரூம் கரெக்‌ஷன் (ரிசீவர் மைக் வைத்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்துவது) ஓட்டுவதாக இருந்தால் அனைத்தும் ஆனில் இருக்கும்போது, ஒரே சப்பாக நினைத்து ஓட்டுங்கள்.

7. ஃபேஸும் தூரமும்

ஒரே சிக்னலைப் பிரித்தால் தூரத்தைச் சரிக்கட்ட ரிசீவர் தரும் டிலேயும் (தாமதம்) எல்லாருக்கும் ஒன்றுதான். என் முன் பெட்டிகள் சோபாவிலிருந்து 4 மீட்டர், பின் பெட்டி ஒன்றரை மீட்டர். வித்தியாசம் இரண்டரை மீட்டர், அதாவது 7 மில்லி செகண்ட் சுமார். 70 ஹெர்ட்ஸில் அரை அலை நீளமே அவ்வளவுதான்! ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. இத்தனை சப் வைத்தும் டிரம் சத்தம் மட்டும் சப்பென்று இருந்ததன் காரணம் அது.

எளிய சோதனை: 70-80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஒரு சப்பின் ஃபேஸ் சுவிட்சை (தள்ளுவதையும் இழுப்பதையும் மாற்றிப் போடுவது) 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூடும் நிலை சரி. சுவிட்ச் இல்லாத ஆம்பில், அதை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயரின் பிளஸ், மைனஸை மாற்றிப் போடலாம். முடிந்தால் சப்களை உட்காரும் இடத்திலிருந்து ஏறத்தாழ சம தூரத்தில் வையுங்கள். இரண்டு சப் என்றால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்பகுதி நல்ல இடம். ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வும் சுவர் நடுப்பகுதிகளைப் பரிந்துரைக்கிறது.

8. எப்போது டி.எஸ்.பி. வாங்கலாம்

வெறும் ஒய் பிரிப்பு ஒரே மாதிரியான சப்களுக்குத்தான் நன்றாக ஒத்துவரும். 12 அங்குலத்துக்குப் போகும் 20 ஹெர்ட்ஸ் 8 அங்குலத்துக்கும் போகும், அது தாங்காமல் தட்டும். என் 8 அங்குலம் இப்போது தம்பி அறையில் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஹால் உடனே தெளிந்தது. தூரமும் சப்பும் வெவ்வேறாகத்தான் இருக்கும் என்றால் மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி போன்ற டி.எஸ்.பி. (சிக்னலை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) நான்கு அவுட்டுக்கும் தனித்தனி டிலே, லெவல், ஃபில்டர் தரும். இந்தியாவில் இருபதாயிரத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், ஆனால் அதற்கு ஒரு அளவீட்டு மைக் வேண்டும். முதல் மாதமே இதில் இறங்காதீர்கள். ஹம் ஒழியாத இணைப்பில் டி.எஸ்.பி.யைச் சேர்த்தால் இன்னொரு அடாப்டர், இன்னொரு வட்டம்.

செலவும் நேரமும்

எனக்கு உருப்படியாக ஆன செலவு: ஒய் இரண்டு 250 ரூபாய், மைக் ஒயரும் ஷீல்டு ஒயரும் சேர்த்து 600, பின்களும் அலுமினியப் பெட்டியும் 500 சொச்சம். வீணாகப் போனது இதைவிட அதிகம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை வாங்கி, ஞாயிறு காலை சால்டர் வேலை, மதியம் ஹம், மாலை லெவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோன் போடும் வேலையை இரவுக்குத் தள்ளாதீர்கள்; 40 ஹெர்ட்ஸுக்கு நம் சுவரும் ஒன்றுதான், பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான்.

முடித்ததும் ஒவ்வொரு கேபிளிலும் இரு முனையிலும் பேப்பர் ஒட்டி எண் எழுதுங்கள். நாப்கள் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போன ஆயுத பூஜைக்கு அம்மா ஆம்ப்களைத் துடைத்து ஒவ்வொரு நாபுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார். எல்லாம் பன்னிரண்டு மணி முள் மாதிரி மேலே பார்க்கத் திரும்பி, வரிசையாக அழகாக நின்றன. படம் இருந்ததால் பத்து நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தேன்.